பின்வாசல் மன்றாட்டு

ஆகஸ்டு பதினாலாந்தேதி ராத்திரி கொடைக்கானல் சலேத் மாதா கோயில் மேட்டில் கால் வைக்க இடம் இருக்காது. மறுநாள் மாதாவின் விண்ணேற்புத் திருநாள். வத்தலக்குண்டு, தேவதானப்பட்டி, பெரியகுளம் என்று கீழ்நாட்டுச் சனமெல்லாம் பஸ் பிடித்து ஏறி வந்திருக்கும். எனக்கு எட்டு வயசில் எங்க அப்பாயி என்னை அங்கே கூட்டிக்கொண்டு போச்சு. குளிரில் பல் கிட்டுகிறது. சப்பரம் வருகிறது. அப்பாயி முந்தானையை ரெண்டு கையிலும் ஏந்திக்கொண்டு மாதாவிடம் பேசிக்கொண்டே இருக்கிறது. அப்பன் குடியை நிறுத்தணும், சின்ன அத்தைக்குப் பிள்ளை உண்டாகணும், நிலுவைக் கூலி கைக்கு வரணும். நான் கேட்டேன்: "ஏன் அப்பாயி, சேசுகிட்ட நேராச் சொல்ல வேண்டியதுதானே?"

"அவருகிட்ட நாம எப்படித் தாயி நேராச் சொல்றது? ஆத்தாகிட்டச் சொன்னா ஆத்தா சொல்லும்."

இந்தப் பதில் ரொம்ப நாள் எனக்குள் கிடந்தது. அப்பாயி சின்ன வயசிலிருந்து ஒரு பண்ணை வீட்டில் சாணி அள்ளிய பொம்பளை. பண்ணையாரிடம் அது ஒருநாளும் வாய் திறந்து பேசியதில்லை. கூலியோ கடனோ காய்ச்சலோ, எதுவானாலும் கொல்லைப்புறம் போய் நிற்க வேண்டும். பண்ணையார் பெண்சாதி வெளியே வரும்வரை காத்திருந்து, "அய்யாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க ஆத்தா" என்று கேட்க வேண்டும். மோட்சத்துக்கும் அதே வீட்டு அமைப்பைத்தான் அப்பாயி வைத்திருந்தது. முன்வாசலில் அய்யா, பின்வாசலில் ஆத்தா, கொல்லைக்கு வெளியே நாம்.

நான் இறையியல் படித்தவள் இல்லை. தமிழ் எம்.ஏ. ஆனால் கிறித்து கடவுளிடம் நமக்காகப் பரிந்து பேசுகிறார், அவரே கடவுளுக்கும் மனிதருக்கும் நடுவில் நிற்கிறவர் என்ற போதனையை இந்த மலையையும் மலையடிவாரத்தையும் வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. எங்கள் வரலாறு அந்தப் போதனைக்குள்தான் மாட்டிக்கிடக்கிறது.

முதலில் இந்த மேட்டுக் கதை. சலேத் என்பது பிரான்சு நாட்டின் ஒரு மலைக்கிராமம். 1846 செப்டம்பர் 19 அன்று மெலனி, மாக்சிமென் என்று மாடு மேய்க்கிற ரெண்டு ஏழைப் பிள்ளைகள், அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணைக் கண்டதாகச் சொன்னார்கள். அந்தப் பெண் உருளைக்கிழங்கு அழுகிப்போனதைப் பற்றியும் வரப்போகும் பஞ்சத்தைப் பற்றியும் பேசினாராம். (உருளைக்கிழங்கு போட்டு வயிறு கழுவும் இந்த மலைக்கு இந்த மாதா வந்து சேர்ந்ததைப் பாருங்கள்.) தம் மகனின் கை கனத்துப்போய்விட்டது, இனிமேலும் அதைத் தாங்கிப் பிடிக்க முடியாது என்பதும் அந்தச் செய்தியில் ஒரு பகுதி. இருபது வருசம் கழித்து, 1866இல், லூயி சான்சீர் என்ற பிரெஞ்சு சேசுசபைச் சாமியார் கொடைக்கானலில் இந்தக் கோயிலை எழுப்பினார்.

அந்தக் கையைக் கவனியுங்கள். ஓங்கிய கை. புதிய ஏற்பாட்டில் மகன்தான் தந்தையிடம் நமக்காகப் பேசுகிறவர். சலேத்தில் அந்த மகனே கை ஓங்கி நிற்கிறார், தாய் தடுக்கிறாள். ஐரோப்பாவில் நடுக்காலம் முழுக்க இந்த நகர்வு நடந்திருக்கிறது. கிறித்துவை நியாயத்தீர்ப்பு நாளின் அரசராக உயர உயர வைத்தார்கள். 1098 வாக்கில் அன்செல்ம் என்ற இறையியலாளர், மனிதன் கடவுளின் மாண்பைக் குலைத்துவிட்டான், அந்தக் கடனை அடைக்க மனிதனால் முடியாது, கடவுளே மனிதனாகி வந்துதான் ஈடுகட்ட வேண்டும் என்று வாதாடினார். அன்றைய நிலப்பிரபுவின் மானக் கணக்கு அதில் அப்படியே தெரிகிறது. பண்ணைக்கு வெளியே நிற்கிறவளுக்கு இந்தக் கணக்கு யாரும் சொல்லித்தராமலே புரியும். பரிந்து பேச வந்தவரே பண்ணையாராகிவிட்டால், அவரிடம் பரிந்து பேச இன்னொருவர் வேண்டும். அப்புறம் அவரிடம் பேச ஒரு சாமியார். சாமியாரிடம் பேச ஒரு உபதேசியார். உபதேசியாரிடம் பேச, ஊரில் நாலெழுத்துத் தெரிந்தவன்.

திருச்சபையின் ஏட்டில் இப்படி இல்லை, சும்மா சொல்லக் கூடாது. 1563இல் திரெந்து சங்கம் புனிதர்களிடம் வேண்டுவது நல்லது என்று சொன்னபோதும் மீட்பர் கிறித்து ஒருவரே என்றுதான் சொன்னது. 1964இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், மாதாவின் பங்கு கிறித்துவின் ஒரே நடுவர் நிலையைக் குறைப்பதும் இல்லை, மறைப்பதும் இல்லை என்று எழுதி வைத்தது. ஏடு அப்படி. கொல்லைப்புறம் இப்படி.

சலேத் கோயிலுக்கு முன்பே இந்த மலைக்கு வந்தவர்கள் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள். 1834இல் மதுரையில் வேலையைத் தொடங்கியவர்கள் காய்ச்சலுக்குப் பலபேரைப் பறிகொடுத்துவிட்டு, உயிர் பிழைக்க 1845இல் இங்கே ரெண்டு பங்களா கட்டினார்கள். கொடைக்கானல் ஊர் அப்படித்தான் பிறந்தது. ரோடு போட்டு மோட்டார் ஓடத் தொடங்கிய 1910களின் நடுப்பகுதி வரைக்கும் துரைமாரும் துரைசாணிகளும் குழந்தைகளும் கீழேயிருந்து நாற்காலியிலும் டோலியிலும்தான் ஏறினார்கள். தூக்கியவை கூலிக்காரர்களின் தோள்கள். இந்த மலையின் சொந்தக் குடிகளான புலையர்கள் குன்னுவர்களின் பண்ணையடிமைகளாக இருந்ததை 1906ஆம் வருசத்து மதுரை கெசட்டியர் எழுதியிருக்கிறது. இங்கே வந்து இறங்கிய எந்தச் சபையும் சாதியில்லாத காலி நிலத்தில் இறங்கவில்லை.

அமெரிக்கர்களின் போதனை சுருக்கமானது: ஒரே ஒரு மத்தியஸ்தர், இயேசு கிறிஸ்து. மாதா, புனிதர், சாமியார், யாரும் நடுவில் தேவையில்லை. இதை அவர்கள் பந்தியிலும் காட்டப் பார்த்தார்கள். சாதி பார்க்காமல் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடச் சம்மதிக்காதவர்களுக்குச் சபையில் இடமில்லை என்று 1847இல் கறாராக நின்றார்கள். பலபேர் விலக்கப்பட்டார்கள், உபதேசியார்கள் உட்பட. நடுவில் ஆள் இல்லை என்று நம்புகிறவன் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுத்தான் ஆக வேண்டும் என்பதை அந்தப் பந்தி சரியாகவே பிடித்தது. இதே அமெரிக்கர்கள் டோலியிலும் ஏறினார்கள் என்பதையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். தமிழ் படித்ததற்கு அதாவது பிரயோசனப்படட்டும்.

சீர்திருத்த சபைகளின் பழைய மொழிபெயர்ப்பு 'மத்தியஸ்தர்' என்கிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு 'இணைப்பாளர்' என்கிறது. 'மத்தியஸ்தன்' தமிழ்நாட்டில் புதுச் சொல் கிடையாது. 919, 921 ஆம் ஆண்டுகளின் உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைப் பெருமைக்காக எல்லாரும் சொல்வார்கள். அந்த ஓலையை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கி வாசிக்க வேண்டியவன் மத்தியஸ்தன். எவ்வளவு நேர்மை! ஆனால் அது பிராமணர்களின் சபை. கால்வேலி நிலத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். அந்த நூற்றாண்டு முடிந்த கையோடு முதலாம் இராசராசனின் தஞ்சைக் கோயில் கல்வெட்டுகள் பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று பெயர் சொல்லி ஒதுக்குகின்றன. சபைக்குள் விரித்த கை சேரியை நோக்கி விரியவில்லை. நடுவில் நிற்கிறவன் யாருக்கும் யாருக்கும் நடுவில் நிற்கிறான் என்று கேட்காமல் அந்தச் சொல்லை நாம் கடந்துபோக முடியாது.

'மன்றாட்டு' இன்னும் கொடுமை. மன்று என்றால் ஊர் கூடும் இடம், வழக்கு நடக்கும் இடம். மன்றாடுவது என்றால் அங்கே போய் வழக்குரைப்பது. கெஞ்சுவது என்ற அர்த்தம் பிறகு ஏறியது. வழக்குரைக்கிற சொல் எப்படிக் கெஞ்சுகிற சொல்லானது? மன்றில் ஏற முடியாதவன் வாயில் அது வேறு எப்படி ஆகும்? துண்டை இடுப்பில் கட்டி, எட்ட நின்று, கையைக் கட்டிக்கொண்டு பேசினால் உரிமைகூட பிச்சையாகத்தான் வெளியே வரும்.

எங்கள் அப்பாயியின் அப்பன் காலத்துக் கதை ஒன்று உண்டு. சேரியில் யாராவது சாகக் கிடந்தால் அவஸ்தை பூசச் சாமியாருக்கு ஆள் போகும். சாமியார் வீட்டுக்குள் வரமாட்டார். கட்டிலோடு தூக்கிக்கொண்டு தெருமுனைக்குக் கொண்டுபோக வேண்டும். வெயிலோ மழையோ, மூச்சு இழுத்துக்கொண்டிருக்கிற உடம்பைச் சுமந்துபோய் ஒரு புளிய மரத்தடியில் வைப்பார்களாம். பாதியில் செத்தவர்களும் உண்டாம். அப்பாயி இதைச் சாதாரணமாகத்தான் சொல்லும், மழை பெய்ததைச் சொல்கிற மாதிரி. வயசானவங்க கதை என்று நானும் விட்டுவிட்டேன்.

பிறகு மலபார்ச் சடங்குத் தகராறைப் படித்தேன். 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நொபிலி பிராமணச் சந்நியாசி போல வாழ்ந்தார். பூணூலும் குடுமியும் சந்தனமும் 1623இல் பதினைந்தாம் கிரகோரி பாப்பரசரின் அனுமதி பெற்றன. ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குப் பண்டாரசாமிகள் என்று தனி வகைக் குருக்கள் வந்தார்கள். 1640இல் பல்தசார் தா கோஸ்தா முதல் ஆள். 1703இல் பாண்டிச்சேரியில் வந்து இறங்கிய பாப்பரசரின் தூதர் தூர்னோன், 1704 ஜூன் 23இல் ஓர் ஆணை எழுதினார். அதில் ஒரு கட்டளை: சாகக் கிடக்கும் பறையர்களின் வீட்டுக்குள் குருக்கள் போய்த் திருவருட்சாதனம் கொடுக்க வேண்டும். வாசித்த இடத்தில் எனக்குக் கை நின்றுவிட்டது. வீட்டுக்குள் போ என்று ரோமாபுரியின் ஆள் கட்டளை போடுகிறார் என்றால், போகாமல் இருந்திருக்கிறார்கள். கட்டிலைத் தூக்கியிருக்கிறார்கள். எங்கள் புளிய மரம் ஆவணத்தில் இருக்கிறது.

நாற்பது வருசம் இந்த வழக்கு ஓடியது. எத்தனையோ கடிதம், எத்தனையோ பாப்பரசர். சாதிக்காரர்கள் மதத்தைவிட்டுப் போய்விடுவார்கள், மிஷனே அழிந்துவிடும் என்பது குருக்கள் தரப்பு வாதம். 1744இல் பதினான்காம் ஆசீர்வாதப்பர் தீர்ப்புச் சொன்னார். பறையர்களுக்கு என்றே தனியாகக் குருக்களை ஒதுக்கிக்கொள்கிறோம் என்று சேசு சபை முன்வைத்த ஏற்பாட்டை அவர் ஏற்றுக்கொண்டார். அதாவது வீட்டுக்குள் போகிற குரு உண்டு. ஆனால் அவர் அந்த வீடுகளுக்கு மட்டுமே குரு. ஒரே நடுவரின் பெயரால் ரெண்டு வரிசை நடுவர்கள்!

லுத்தரன்கள் மட்டும் சுத்தமா? தஞ்சாவூர் அரசனின் படையில் சிப்பாயாக இருந்தவர் ராசநாயக்கன். பறையர். கத்தோலிக்கராக இருந்தவர் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை வாசித்து, 1720களில் தரங்கம்பாடி மிஷனோடு சேர்ந்தார். பல பத்தாண்டுகள் உபதேசியாராக இருந்து தஞ்சைப் பகுதியில் சபைகளை வளர்த்தவர். வெள்ளாளரான ஆரோன் 1733இல் முதல் தமிழ்ப் போதகராக அபிஷேகம் பெற்றார். அடுத்த ஆள் யார் என்று வந்தபோது ராசநாயக்கனின் திறமையில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஒரு பறையர் கையிலிருந்து மற்றவர்கள் நற்கருணை வாங்கமாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741இல் தியோகுவுக்கு அபிஷேகம் ஆனது. ராசநாயக்கன் 1771இல் சாகும்வரை உபதேசியார்தான். சொல்லலாம், கற்பிக்கலாம், அடி வாங்கலாம். கிண்ணத்தை மட்டும் ஏந்தக் கூடாது.

இதை வைத்துக்கொண்டு எபிரேயர் திருமுகத்தைத் திரும்ப எடுத்துப் பாருங்கள். கிறித்துவின் குருத்துவத்தையும் பரிந்து பேசுதலையும் விரிவாகப் பேசுகிற புத்தகம் அதுதான். பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது அதன் முன்னுரை நினைவுபடுத்திய இருபுறமும் கருக்குள்ள வாள் இந்தத் திருமுகத்தின் நாலாம் அதிகாரத்தில் வருவது. வாளைச் சொன்ன ரெண்டாவது வசனத்திலேயே பெரிய குருவைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. ஏழாம் அதிகாரத்தில் அந்த ஆசிரியர் மாட்டிக்கொள்கிற சிக்கல் என்ன? யூதர்களிடம் குருவாக லேவி குலத்தில் பிறந்திருக்க வேண்டும். இயேசு யூதா குலம். அந்தக் குலத்துக்குப் பலிபீட வேலை கிடையாது. பச்சையாகச் சொன்னால் இயேசு பிறப்பால் பூசாரியாகும் தகுதி இல்லாதவர். ஆசிரியர் இதை மறைக்கவில்லை, பொய்யாக ஒரு வம்சாவளி கட்டவில்லை. அப்பன் பெயரும் ஆத்தாள் பெயரும் தலைமுறை வரிசையும் இல்லாத மெல்கிசேதேக்கைக் கொண்டுவந்து நிறுத்தி, குருத்துவம் பிறப்பால் வருவதில்லை, அழியாத உயிரின் வல்லமையால் வருவது என்று வாதிடுகிறார். அந்த அதிகாரத்தின் கடைசியில்தான், அவர் என்றும் உயிரோடு இருந்து பரிந்து பேசுகிறார் என்ற புகழ்பெற்ற வாக்கியம் வருகிறது.

ஆக, பரிந்து பேசுகிறவர் யார் என்ற கேள்விக்கு அந்தத் திருமுகத்தின் முதல் பதிலே சாதித் தகுதி இல்லாதவர் என்பது. அவர் பெயரால் நடந்த சபை ராசநாயக்கனிடம் சாதித் தகுதி கேட்டது. இது பலவீனம், காலத்தின் கட்டாயம் என்று சொல்லி மழுப்புகிறவர்கள் உண்டு. நான் இதை அந்தப் போதனையையே மறுதலித்தது என்கிறேன். வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பக்கமாக ரெண்டு கை வைத்துக் கோயில் கட்டி, சுவரை 1910இல் இடிக்கும்வரை பூசை வைத்தார்களே, அந்தப் பூசையில் பிரிவினைச் சுவரைக் கிறித்து தகர்த்தார் என்ற எபேசியர் வாசகத்தை எந்த முகத்தோடு வாசித்திருப்பார்கள்?

கடைசி அதிகாரத்தில் இன்னொன்று. அவர் ஊர் வாசலுக்கு வெளியே பாடுபட்டார், நாமும் வெளியே அவரிடம் போவோம் என்று அழைக்கிறது அந்தத் திருமுகம். வாசலுக்கு வெளியே நிற்கிற சாமி எங்க சீமைக்குப் புதுசு இல்லை. அழகர்கோயில் வாசலில் பதினெட்டாம்படிக் கருப்பு நிற்கிறான். அவனிடம் பேச எங்க சனத்துக்குத் தரகர் தேவைப்பட்டதில்லை. அவன் எங்க மேலேயே இறங்கிப் பேசுவான். கிறித்தவர்களான பிறகு எங்களுக்கு இது பேயாட்டம் என்று சொல்லித்தந்தார்கள். வெளியே நிற்கிற ஒருவரை எங்களுக்கு அறிமுகம் செய்யவந்தவர்கள், அவரைக் கிராதிக்கு உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு எங்களை மட்டும் வெளியே நிறுத்தினார்கள்.

மிஷனரி என்ற நடுவர் எங்களுக்கு ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதினால் நன்றி கெட்டவள் ஆவேன். எழுதத் தெரியாத சனத்துக்கு மனு எழுதியவர் அவர். கலெக்டர் கச்சேரிக்கு, போலீஸ் டாணாவுக்கு, பள்ளிக்கூடத்துக்கு ஒரு துண்டுச் சீட்டுக் கொடுத்தவர். கூட்டங்கூட்டமாக நம் சனம் ஞானஸ்நானம் வாங்கியதில் இந்தச் சீட்டுக்கும் பங்கு உண்டு. அது கேவலம் என்று நான் நினைக்கவில்லை. மன்றில் ஏற முடியாதவன் தனக்காக ஏறுகிற ஒருவனைத் தேடினான். ஆனால் சீட்டு வாங்கியவனின் பேரன் தானே மன்றேறியபோது என்ன நடந்தது? 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆகமாட்டார் என்றது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் திருத்தினார்கள். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை, மற்ற தொழிலாளிகளுக்குக் கொடுத்த பெட்டிக்கடை எனக்கு ஏன் இல்லை என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். கிறித்தவத்துக்குள்ளும் அந்த இழிவு அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985இல் தள்ளுபடி செய்தார்கள். ஆதாரம் கோயில் வராந்தாவிலும் கல்லறைச் சுவரிலும் கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு போய்ச் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் தங்கள் பீடத்திலேயே சாதியை வைத்திருந்தார்கள். 2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மூன்றாம் பத்தியை எடுத்துவிடச் சொன்னது. 2022 அக்டோபரில் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் அமைத்தார்கள். மனுவுக்கு மேல் மனு.

மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் இருந்த தியோப்பிலஸ் அப்பாவு, நம் சனத்துக்குப் பரட்டை, 2005இல் காலமானார். அவர் கடவுளை ஆண்டவர் என்று கூப்பிடுவதைவிட்டுப் பெத்தவர் என்று கூப்பிடப் பழக்கினார். ஒரே உலையில் பொங்கி ஒன்றாகச் சாப்பிடுவதையே நற்கருணைக்கு விளக்கமாக வைத்தார். இதில் நடுவர் என்ற கேள்வியே இடம் மாறிவிடுகிறது. பெத்தவர்களிடம் சோறு கேட்கப் பிள்ளை ஆள் பிடிப்பதில்லை. அப்படியானால் கிறித்து எதற்கு? அவர் மூத்த பிள்ளை. கூடவே உட்கார்ந்து சாப்பிடுகிறவர். பரிந்து பேசுவது அவர் வாயில் இல்லை, அவர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் இருக்கிறது. நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். இறையியல்காரர்கள் திருத்தட்டும்.

அப்பாயியிடம் ஒருமுறை இதையெல்லாம் சொன்னேன். மெல்கிசேதேக்கு, லேவி, எல்லாம். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டது. "அப்ப அவரும் நம்மளாட்டம்தானா?" என்றது. கொஞ்ச நேரம் கழித்து, "இருந்தாலும் ஆத்தாகிட்டச் சொல்லி வைக்கிறது நல்லது" என்றது. மாதாவிடமிருந்து அதைப் பிரிக்க எனக்கு மனசு வரவில்லை. அழுகிற பொம்பளையை அழுகிற பொம்பளைக்குத் தெரியும். மாதா அதற்குப் பின்வாசலில் நின்ற பண்ணையார் பெண்சாதியாக இருந்ததுதான் எனக்கு வலி.

அப்பாயி சாகக் கிடந்தது 2011இல். மழைக்காலம். பங்குச் சாமியாருக்குச் சொல்லியனுப்பினோம். புதுசாக வந்த இளவட்டம், நம்ம பையன்தான், வேறு மறைமாவட்டத்துக்காரர். டிவிஎஸ்ஸில் நனைந்துகொண்டு வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து வீட்டுக்குள் நுழைந்தார். எங்க வாசல் உயரம் குறைச்சல். அங்கி வெள்ளையைப் பார்த்ததும் அப்பாயிக்கு எங்கிருந்தோ தெம்பு வந்தது. எழுந்திருக்கப் பார்த்தது. முடியவில்லை. என் கையைப் பிடித்து இழுத்து, "சாமி வந்துருச்சு, என்னைய வெளிய தூக்குங்கடீ, கட்டிலோட தூக்குங்க" என்றது. திரும்பத் திரும்ப அதையே சொன்னது.

சாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தார். என்னால் பேச முடியவில்லை. அவர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, எண்ணெய்ச் சிமிழைத் திறந்து, அப்பாயியின் நெற்றியில் பூசினார். பிறகு கையை விரிக்கச் சொன்னார். சாணி அள்ளிக் காய்த்த கை அது. விரல் மடங்கிப் போயிருந்தது. ஒவ்வொரு விரலாக அவரே பிரித்து உள்ளங்கையில் பூசினார். அப்பாயி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. "நீ யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டது. அவர் தன் ஊரையும் அப்பன் பேரையும் சொன்னார். வெளியே மழை விடவில்லை. சாமியார் காப்பி குடித்துவிட்டுத்தான் போனார்.